கூடத்தில் ஒரு பாய்மரப் படகு

உங்கள் வீட்டுக் கூடத்தில் மேஜை நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பதினோரு அடி நீளமும் ஐந்து அடி அகலமும் உள்ள இடம் தேறுமா என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். தேறும் என்றால் அங்கே ஒரு பாய்மரப் படகு கட்டலாம். பொம்மைப் படகு அல்ல. இரண்டு மூன்று பேர் ஏறி உட்கார்ந்து, பாயை விரித்து, காற்றைப் பிடித்துக்கொண்டு ஏரியிலும் கடலோரத்திலும் போய்வரக்கூடிய நிஜப் படகு.

"நன்றாயிருக்கிறது! தையல் மிஷின் வைக்கவே இடத்தைக் காணோம், இதில் படகு வேறா?" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. உங்களைப் படகு கட்டச் சொல்லி நான் தூண்டவில்லை. ஆனால் இங்கிலாந்தில் 1963-ஆம் வருஷம் முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் வீட்டை அளந்து பார்த்தன. அளந்ததோடு நிற்காமல் கட்டியும் முடித்தன. தையல் மிஷின் என்றீர்களே, அந்தத் தையலுக்கும் இந்தப் படகுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

1963 ஜனவரியில் லண்டனில் நடந்த படகுக் கண்காட்சியில் ஒரு சின்னப் படகு வைக்கப்பட்டிருந்தது. அந்தக் குளிர்காலம் இங்கிலாந்தில் இன்றும் பேசப்படுகிற கடுங்குளிர்காலம். ஆறுகளும் குளங்களும் உறைந்து கிடந்த சமயத்தில், தண்ணீரில் போவதற்கு ஒரு புதுப் படகு! நீளம் 10 அடி 10 அங்குலம். அகலம் 4 அடி 7 அங்குலம். பாய்கள் நல்ல சிவப்பு. விலை 63 பவுன் 11 ஷில்லிங். அந்நாளைய மாற்று விகிதத்தில் நம் பணத்துக்குச் சுமார் 850 ரூபாய். அந்த விலைக்குக் கிடைத்தது படகு அல்ல. வெட்டித் தயாராக இருந்த பலகைகள், கம்பி, நாடா, பாய், கயிறு எல்லாம் அடங்கிய சாமான் கட்டு. படகாக்குவது வாங்கியவர் பொறுப்பு.

இதை முன்னின்று நடத்தியது ஒரு தினசரிப் பத்திரிகை. லண்டன் 'டெய்லி மிரர்' அன்று நாளொன்றுக்கு நாற்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. தொழிலாளர் வீடுகளிலும் சிறு உத்தியோகஸ்தர் வீடுகளிலும் காலைத் தேநீரோடு புரட்டப்படுகிற பத்திரிகை. அதன் பெயரையே படகுக்கும் வைத்தார்கள். 'மிரர்' என்பது படகின் பெயர். பத்திரிகையின் தலைப்பு நிறம்தான் பாயின் சிவப்பு. நான் பத்திரிகைக்காரன் அல்லவா, விளம்பரத்துக்கு இதைவிட நல்ல யோசனை யாருக்காவது தோன்றியிருக்குமா என்று கொஞ்சம் பொறாமையோடுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

அதுவரை பாய்மரப் படகு ஓட்டுவது என்றால் பணக்காரர் பொழுதுபோக்கு. காரணம் காற்றும் அல்ல, தண்ணீரும் அல்ல. அவை இரண்டும் இனாம். படகுதான் விலை. பழைய முறையில் ஒரு படகு கட்டவேண்டுமானால் முதலில் அடிக்கட்டை போடவேண்டும். அதன்மேல் விலா எலும்புபோல் வளைந்த சட்டங்களை நிறுத்தவேண்டும். பிறகு பலகைகளை ஒவ்வொன்றாக வளைத்து, ஒரு பலகையின் ஓரம் அடுத்த பலகையின் ஓரத்தோடு ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல் பொருந்தும்படி சீவவேண்டும். அந்தச் சீவல் இருக்கிறதே, அது ஒரே கோணத்தில் இருக்காது. படகின் முன்புறத்தில் ஒரு சாய்வு, நடுவில் வேறு சாய்வு, பின்னால் இன்னொன்று. வருஷக்கணக்கில் உளி பிடித்த கைக்குத்தான் அது வரும். அந்தக் கைக்குக் கூலி கொடுக்கச் சாமானிய மனிதனால் ஆகுமா?

இந்தத் தடையை உடைத்தவர்கள் இருவர். ஒருவர் பாரி பக்நெல். பி.பி.ஸி. டெலிவிஷனில் தோன்றி, வீட்டு வேலைகளை நாமே எப்படிச் செய்துகொள்வது என்று ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அலமாரி அடிப்பது, சுவர்க் காகிதம் ஒட்டுவது, பழங்காலத்துச் சித்திர வேலைக் கதவுகளின்மேல் ஹார்ட்போர்டை அறைந்து மட்டமாக்கிவிடுவது எல்லாம் அவருடைய வித்தைகள். (அந்தக் கதவுகளைத் திரும்பச் சுரண்டி எடுக்கப் பின்னால் வந்த தலைமுறை பட்ட பாடு தனிக் கதை.) இன்னொருவர் ஜாக் ஹோல்ட். சிறு படகுகளை வரைவதில் மன்னர். பக்நெலுக்குப் படகின் வடிவம் அவ்வளவாகக் கைவரவில்லை. ஆனால் கட்டுகிற வழி தெரிந்திருந்தது. ஹோல்டுக்கு எந்த வடிவம் தண்ணீரில் சமர்த்தாக ஓடும் என்று தெரியும். இருவரும் சேர்ந்தார்கள்.

அந்தக் கட்டுகிற வழி முழுக்கப் பக்நெலின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. கென் லிட்டில்டைக் என்பவர் மெல்லிய பிளைவுட்டைத் தூண்டில் நரம்பால் தைத்து, தைத்த இடத்தில் கண்ணாடி நார் ஒட்டிச் சிறு ஓடங்கள் செய்து காட்டியிருந்தார். பக்நெல் நரம்புக்குப் பதில் செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டார்.

ஆம், தைப்பதுதான் வழி. பலகையைத் தைப்பது!

புத்தகத்தில் படித்து எனக்கு இது சரியாகப் பிடிபடவில்லை. ஆகையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, கத்தரிக்கோலும் கோணி ஊசியுமாகத் தரையில் உட்கார்ந்தேன். அடிப்பாகத்துக்கு இரண்டு நீளத் துண்டுகள், பக்கங்களுக்கு இரண்டு, முன்னும் பின்னும் அடைக்க இரண்டு சிறு துண்டுகள். மிரர் படகின் உடம்பும் இவ்வளவுதான். அடித்துண்டுகளின் உள் ஓரம் நேர்கோடாக இருக்கக்கூடாது. முன்பக்கம் போகப்போக வில்போல் வளைந்து விலகவேண்டும். அப்படி வெட்டியதைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவே ஒரு சந்து தெரிகிறது. பொருந்தாத ஓரங்களைப் பொருத்தித் தைப்பதாவது! எங்கோ தப்பாக வெட்டிவிட்டேன் என்று நினைத்து முழித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"தப்பெல்லாம் இல்லை. ரவிக்கைக்கு டக் பிடிக்கிற மாதிரிதானே இது? ஓரத்தை இழுத்துத் தையுங்கள், தானாகக் குவியும்" என்றாள்.

இழுத்துத் தைத்தேன். தட்டையாகக் கிடந்த இரண்டு அட்டைகளும் தரையை விட்டு எழும்பி, வயிறு புடைத்து, ஒரு படகின் அடிப்பாகமாக நின்றன. எனக்கு ஏற்பட்ட ஆச்சரியத்தில் நூறில் ஒரு பங்குகூட அவளுக்கு ஏற்படவில்லை. "இதிலே என்ன இருக்கிறது? துணி தட்டையாகத்தான் வருகிறது. ஆள் தட்டையாகவா இருக்கிறார்கள்?" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைக் கவனிக்கப் போய்விட்டாள்.

படகு கட்டும் சாஸ்திரத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறார்கள். இந்த விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. மிரர் படகு கட்டுவது தச்சு வேலை அல்ல, தையல் வேலை. வடிவம் தச்சனின் உளியில் இல்லை. வெட்டுகிற அளவில் இருக்கிறது. ஜாக் ஹோல்ட் ஒரு தடவை சரியாகக் கணக்குப் போட்டு அளவை வரைந்துவிட்டார். அந்த அளவுப்படி வெட்டிய பலகைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துக் கட்டினால், கட்டுகிறவர் குமாஸ்தாவானாலும் சரி, கணக்கு வாத்தியாரானாலும் சரி, படகு தன் வடிவத்துக்குத் தானே வந்துவிடும். விலாச் சட்டங்களை முதலில் நிறுத்த வேண்டியதில்லை. பலகை ஓரத்தைக் கோணம் பார்த்துச் சீவ வேண்டியதில்லை. வெட்டிக் கொடுத்தால் தைத்துக்கொள்ளத் தெரிந்த எந்தக் கையும் போதும்.

ஆனால் ஒன்று. என் அட்டைப் படகு கோணிப்போயிற்று. அவசரத்தில் ஒரு பக்கத்தை இறுக்கியும் மறுபக்கத்தை நெகிழ்வாகவும் இழுத்துவிட்டேன். முன்பக்கத்துப் பலகை ஒரு திசையிலும் பின்பக்கத்துப் பலகை இன்னொரு திசையிலும் சாய்ந்தன. ரவிக்கையானால் பிரித்துத் தைக்கலாம். படகில் அந்தச் சலுகை கொஞ்ச நேரத்துக்குத்தான். ஒட்டுப் போடுவதற்கு முன் படகை ஒரு முனையிலிருந்து கண்ணால் நோட்டம் விட்டு, முன்னும் பின்னும் ஒரே மட்டமாக நிற்கிறதா என்று பார்த்துவிடவேண்டும். கோணலாக இருக்கும்போது ஒட்டிவிட்டால் அது ஆயுளுக்கும் கோணல்தான். காற்று நேராக அடித்தாலும் படகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

ஒட்டு என்றேன். அதுதான் இந்த வேலையின் உயிர்.

முதலில் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படகுக்கு உபயோகிப்பது மரைன் பிளைவுட். மெல்லிய மரத் தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றின் ரேகை நெடுக்காகவும் அடுத்ததன் ரேகை குறுக்காகவும் வைத்து, தண்ணீருக்கு விட்டுக்கொடுக்காத பசையால் ஒட்டியது. உங்களுக்கு இது புதிதல்ல. சமையலறையில் தொட்டிக்கு அடியில் அலமாரி போடும்போது தச்சர் "மரைன் பிளை போட்டால் ஊறாது அம்மா" என்று சொல்லி விலையைக் கூட்டுவாரே, அதேதான். நம் நாட்டில் அதற்கு ஐ.எஸ். 710 என்று தர எண் உண்டு. கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் போட்டு எடுத்த பிறகும் தோல்கள் பிரியாமல் இருக்கவேண்டும் என்பது சோதனை. மூன்று நாள் வேகவைத்தும் வேகாத பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

பலகைகளின் ஓரத்தில் சிறு துளைகள் போட்டு, செம்புக் கம்பித் துண்டுகளைக் கோத்து முறுக்குகிறார்கள். ஏன் செம்பு? மெதுவாக வளையும்; துருப்பிடிக்காது. எல்லாம் தைத்தானதும் படகு உருவத்துக்கு வந்துவிடும். ஆனால் அதைத் தண்ணீரில் விட்டால் தையல் சந்துகள் வழியே அரை நிமிஷத்தில் நிரம்பிவிடும். இனி வருவது கண்ணாடி நாடா.

கண்ணாடியை உருக்கி முடியைவிட மெல்லிய இழையாக இழுத்து, அந்த இழைகளை நெய்த நாடா அது. கையில் எடுத்தால் ரிப்பன்போல் துவளும். இதனால் படகு நிற்கப்போகிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதைச் சந்தின் மேல் வைத்து, பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினைப் பிரஷ்ஷால் தடவவேண்டும். ரெசின் பார்ப்பதற்குத் தேன்போல் இருக்கும். டப்பாவில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதில் கெட்டிப்படுத்தும் மருந்தைச் சில சொட்டு கலந்துவிட்டால் அப்புறம் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

மைசூர் பாகு கிளறியவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பதம் ஒரு நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் போயிற்று. ரெசினும் அப்படித்தான். வெயில் காலத்தில், அல்லது மருந்து கொஞ்சம் கூடிவிட்டால், நாடாவில் தடவி முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். கிண்ணம் தொட முடியாமல் சுடும். சமயத்தில் புகைகூட வரும். மருந்து குறைந்தாலோ, அல்லது 1963-இன் குளிர்காலம்போல் குளிர் அடித்தாலோ, இரண்டு நாள் ஆனாலும் பிசுபிசுவென்றே இருக்கும். வெளிக்கொட்டகையில் வேலை ஆகாது. வீட்டுக்குள் கதகதப்பான இடம் வேண்டும் என்று அங்கத்தியக் கணவன்மார்கள் வாதாட அது நல்ல சாக்கு. அந்த மனைவிமார்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். ஏனென்றால் ரெசினுக்கு ஒரு நெடி உண்டு. லேசுப்பட்ட நெடி அல்ல. மூடிய அறையில் அதை முகர்ந்துகொண்டே இருந்தால் தலை சுற்றும். ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும், கையுறை போடவேண்டும், கெட்டிப்படுத்தும் மருந்து கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி அணியவேண்டும். காய்ந்த நாடாவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கிற கண்ணாடித் தூள் மூச்சில் போகக்கூடாது. தோலில் பட்டால் அரிப்பு. குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. கூடத்தில் கட்டலாம் என்று நான் ஆரம்பத்தில் சொன்னதை இந்த ஒரு காரணத்துக்காகக் கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காற்றோட்டமான கார் கொட்டகை உத்தமம்.

பதம் சரியாக அமைந்தால் ஓர் அழகான காட்சி காணலாம். வெள்ளை வெளேரென்று இருந்த நாடா ரெசினைக் குடித்ததும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். அடியில் இருக்கிற மரத்தின் ரேகை பளிச்சென்று தெரியும். எங்காவது வெண்புள்ளி தெரிந்தால் அங்கே காற்று அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். பிரஷ்ஷால் குத்திக் குத்தி அதை வெளியேற்ற வேண்டும். அந்த ஒரு புள்ளியை விட்டுவிட்டால் பிற்பாடு அங்கேதான் தண்ணீர் தன் வேலையைத் தொடங்கும்.

உள்பக்கம் காய்ந்ததும் படகைக் கவிழ்த்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முறுக்குகளை வெட்டி அரத்தால் தேய்த்துவிட்டு, வெளிப்பக்கமும் நாடா ஒட்டுகிறார்கள். இப்போது அந்தச் சந்து, மரத்தைவிடக் கெட்டி. கம்பிக்கு இனி வேலை இல்லை. தையற்காரி தற்காலிகமாகப் போட்டுப் பிறகு உருவிவிடுகிற ஓட்டுத் தையல்தான் அது.

இந்த இடத்தில் நம் சென்னைக் கடற்கரை ஞாபகத்துக்கு வருகிறது. 1870-களில் துறைமுக வேலை தொடங்குவதற்கு முன், சென்னைக்கு வந்த கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். அங்கிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். அவற்றில் ஓர் இரும்பு ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு நம் கடற்கரையின் அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ அலைக்கு ஏற்ப நெளிந்து கொடுத்து, மணலில் தொப்பென்று விழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். பயணிகள்தான் அப்படி நிற்கவில்லை. தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்குவதற்காகக் கட்டுமரங்கள் கூடவே போனதும் உண்டு. அந்தக் 'கட்டுமரம்'தான் இங்கிலீஷில் 'கேட்டமரன்' ஆயிற்று என்பது நீங்கள் அறிந்ததே.

ஆகவே தைத்த படகு நமக்குப் புதிதல்ல. இருந்தாலும் இரண்டையும் ஒன்று என்று சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மசூலா படகில் தையல்தான் எல்லாம்; அது நெகிழ்வதற்காகப் போட்டது. மிரரில் தையல் ஒரு நாள் விருந்தாளி. அதற்குப் பின்னால் வருகிற கண்ணாடியும் ரெசினும் நெகிழவே கூடாது. மசூலா படகுக்காரர் அடிக்கடி கயிற்றைப் பிரித்துப் புதிதாகத் தைக்க வேண்டும். மிரர்க்காரர் ஒரே தடவை, ஆனால் பிழையில்லாமல் ஒட்டவேண்டும். எது கஷ்டம் என்று கேட்டால், குளிர் நடுக்கத்தில் ரெசின் கிண்ணத்தோடு நின்றவர் ஒரு பதில் சொல்லுவார். மெரினா அலையில் துடுப்புப் போட்டவர் வேறு பதில் சொல்லுவார்.

உடம்பு தயாரான பிறகு நடக்கும் வேலைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். முன்னும் பின்னும் இரு பக்கங்களிலும் பிளைவுட் தடுப்பு வைத்து, மேலே மூடி, காற்று அடைத்த அறைகளாக்கி விடுகிறார்கள். உட்காரும் இடமும் அதன் மேல்தான். படகு கவிழ்ந்தாலும், உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் இந்த அறைகள் அதை மூழ்க விடுவதில்லை. பிடித்துக்கொண்டு மிதக்கலாம், நிமிர்த்தி ஏறிக்கொள்ளவும் செய்யலாம். அறைக்குள் கசிகிற தண்ணீரை வடிக்கச் சிறு துவாரமும் அதற்கு அடைப்பானும் உண்டு. அந்த அடைப்பானைப் போட மறந்துவிட்டுப் புறப்பட்டால் காற்றறை தண்ணீர் அறையாகிவிடும். கட்டைவிரல் அளவு சாமான்தான். காஸ் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறோமே, அதுபோல் அடைப்பானைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறவேண்டும்.

படகின் மூக்கு கூராக இல்லாமல் வெட்டிவிட்டதுபோல் சப்பட்டையாக இருக்கும். பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் லட்சணம் இல்லை. கூர்மூக்கு வேண்டுமென்றால் பலகையை இன்னும் முறுக்க வேண்டும். பதினோரு அடிக்குள் இடமும் குறைந்துபோகும். லட்சணத்தைவிடச் சௌகரியம் பெரிது என்று ஹோல்ட் தீர்மானித்துவிட்டார். பாய்மரத்திலும் அதே புத்தி. ஒரே நீளக் கம்பமாக வைத்தால் காரின்மேல் வைத்துக் கொண்டுபோவது கஷ்டம். ஆகவே ஒரு குட்டைக் கம்பம். அதன் தலைக்குமேல் இன்னொரு கொம்பைக் கயிற்றால் இழுத்து ஏற்றினால் பாய் முழு உயரத்துக்கு விரியும். இறக்கிவிட்டால் எல்லாக் கொம்புகளும் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். படகின் உடம்பு எடை சுமார் 45 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசிப் பை இரண்டு தூக்குகிற வீட்டில் இதையும் தூக்கிவிடலாம். பெரிய பாய், சின்னப் பாய் இரண்டும் சேர்ந்து 69 சதுர அடி. எவ்வளவு என்று புரியவில்லையா? உங்கள் ஆறு கஜப் புடவையை விரித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு புடவைத் துணி பிடிக்கிற காற்றில் ஒரு குடும்பம் தண்ணீரில் போகிறது.

எல்லாம் சரி, முதல் நாள் என்று ஒன்று வருமே, அதைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

கடையில் வாங்கிய படகில் தண்ணீர் வந்தால் கடைக்காரனைத் திட்டலாம். தச்சன் கட்டியதானால் தச்சனைக் கூப்பிட்டு விடலாம். இது நீங்களே கட்டியது. எந்தச் சந்தில் எந்த ராத்திரி தூக்கக் கலக்கத்தோடு நாடா ஒட்டினீர்கள், எந்த இடத்தில் வெண்புள்ளியைப் பார்த்தும் "பரவாயில்லை, வர்ணம் அடித்தால் மறைந்துவிடும்" என்று விட்டீர்கள் என்பது உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். இப்போது அந்தப் படகில் ஏறுவதற்காக உங்கள் குழந்தைகள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு கரையில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். மனைவி ஒன்றும் சொல்லாமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த நிமிஷத்தில்தான் தெரியும், வர்ணத்தை மறுபடி சுரண்டிவிட்டு அந்த ஒரு சாண் நாடாவைப் புதிதாக ஒட்டியிருக்கலாமே என்று. சுரண்டி ஒட்டியவர்களும் இருப்பார்கள்; கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் தள்ளியவர்களும் இருப்பார்கள். ரெசின் யாரையும் ஏமாற்றுவதில்லை. போட்டது போட்டபடி இருக்கும்.

அப்படித் தண்ணீரில் தள்ளப்பட்ட மிரர் படகுகளின் எண்ணிக்கை 70,000-க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் பாயில் ஓர் எண். இங்கிலாந்தில் அக்காலத்தில் ஓர் ஆலைத் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிய விலை அது. கடலால் சூழப்பட்ட தேசத்தில் பிறந்தும் கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்திருந்த எத்தனையோ பேர் முதல்முறையாகக் கரையைக் கடலிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். பந்தயங்களும் வந்தன, பந்தயத்தில் இருவர், உல்லாசப் பயணத்தில் மூவர். அப்பா சுக்கானைப் பிடிக்க மகள் முன்பாயைப் பார்த்துக்கொள்வதும், கொஞ்ச வருஷத்தில் மகள் சுக்கானுக்கு வந்து அப்பா முன்பாய்க்குப் போவதும் இந்தச் சின்னப் படகில் சகஜம். 2006-இல் ஒற்றைக் கம்பப் பாய்மரத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று பந்தய விதியைத் தளர்த்தினார்கள். பழைய இரட்டைக் கொம்புப் பாயை விட மனமில்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இவ்வளவு சிறிய படகு எவ்வளவு தூரம் போகும்? ஏ. ஜே. மெக்கின்னன் என்ற பள்ளி ஆசிரியர் 1997-இல் அதைப் பரீட்சை பார்த்தார். இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லைக்கு அருகே தாம் வேலை பார்த்த பள்ளியை விட்டுக் கிளம்பியபோது, ஒரு பழைய மிரர் படகை எடுத்துக்கொண்டு ஆற்றோடு கொஞ்ச தூரம் போய்வரலாம் என்பதுதான் அவர் எண்ணம். போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். ஸெவர்ன் ஆறு, தேம்ஸ் ஆறு என்று வந்து, பெரிய கப்பல்கள் போகிற இங்கிலீஷ் கால்வாயை அந்தப் பதினோரு அடிப் படகிலேயே தாண்டி, பிரான்ஸின் வாய்க்கால்கள் வழியாக ரைன் ஆற்றுக்கும், பிறகு டான்யூப் ஆற்றுக்கும் போய்ச் சேர்ந்து, கடைசியில் ருமேனியாவில் கருங்கடல் ஓரத்து ஸுலினா என்ற ஊரில் கரையேறினார். 12 தேசங்கள், 282 நீர்க்கதவுகள், சுமார் 4,900 கிலோமீட்டர். பாதி நாள் காற்று இல்லாமல் துடுப்புத்தான் போட வேண்டியிருந்திருக்கும். இந்தப் பயணத்தை அவர் எழுதிய புத்தகம் மிகவும் பிரசித்தம்.

செம்புக் கம்பிக்குப் பதில் இப்போது பலர் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டைகளை உபயோகிக்கிறார்கள். பாலியெஸ்டருக்குப் பதில் எபாக்ஸி என்கிற ரெசின் வந்திருக்கிறது. மரத்தை இன்னும் கெட்டியாகப் பிடிக்கிறது, விலைதான் கூடுதல். நம் கரையிலும் 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனையோ கிராமங்களில் கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்துவிட்டது. அது அச்சில் வார்ப்பது, தைப்பது அல்ல. ஆனால் கண்ணாடி இழையும் ரெசினும் அதே சமாசாரம்தான். அடுத்த தடவை கடற்கரைக்குப் போகும்போது மீனவர் தம் படகுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். வெள்ளைத் துணி மறைகிற வித்தை நடக்கும்.

என் அட்டைப் படகு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லையே? தைத்த மறுநாள் என் பெண் அதைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டாள். தையல் துவாரங்கள் வழியே தண்ணீர் ஏறி அவள் கண் முன்பே அமிழ்ந்துவிட்டது. அவள் அழ ஆரம்பித்தாள். நான் கண்ணாடி நாடாவைப் பற்றியும் ரெசினைப் பற்றியும் அவளுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவள் அம்மா படகை எடுத்து வெயிலில் உலர்த்தி, மின்சாரம் போகும்போது ஏற்றுகிற மெழுகுவத்தியை உருக்கி, பழைய பனியனைக் கிழித்துச் சந்துகள்மேல் வைத்து அதன்மேல் ஊற்றி, தேய்க்கரண்டியின் முதுகால் அழுத்தி வைத்துவிட்டாள்.

நாலு நாளாகப் படகு தொட்டியில் மிதந்துகொண்டிருக்கிறது. கோணல் மட்டும் என்னுடையது. ஆகையால் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் போகிறது.